முதலில் மேலே போகிறவருக்கு

சனிக்கிழமை காலையில் திடலில் இருந்த அத்தனை பேரும் அத்தையின் மேல் சாய்ந்து கிடந்தார்கள். மெக்கானிக் கூதேர் முதுகைக் கொடுத்து முட்டிக்கொண்டிருந்தான். பக்கத்துக் காய்கறித் தோட்டத்து ஆட்கள் தோளால் நெருக்கினார்கள். லியோந்தின் பார்பசான் வலையை இரண்டு கையாலும் பிடித்து, பாதி முகத்தை வார்னிஷ் வாடை அடிக்கும் துணியில் அழுத்திக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். அவ ஒண்ணும் செத்துட மாட்டா, நல்லா அழுத்துங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அத்தை என்பது அவளுடைய பலூன். உருண்டையான, வயசான, உடம்பெல்லாம் ஒட்டுப் போட்ட பலூன். அவளுடைய புருஷன் ஒரு சர்க்கஸ் டிக்கெட்காரியோடு கிளம்பிப் போனபோது இதை எடுத்துப் போகவில்லை. பலூனையாவது விட்டுவிட்டுப் போனானே மகராசன் என்று லியோந்தின் அன்றைக்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் விட்ட இடத்திலிருந்து தொழிலைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து சேன் நதிக்கரை ஊர்களில் எங்கே சந்தை கூடினாலும் அத்தையைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், கூட்டம் அண்ணாந்து பார்க்க மேலே ஏறி, கூடையின் விளிம்பில் உட்கார்ந்து கையசைத்துவிட்டு வருவதுதான் அவளுடைய சோறு. பயமே தெரியாத பொம்பளை என்று சுவரொட்டியில் போடுவார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் கூப்பிடவே செய்வார்கள்.

சந்தை இல்லாத நாட்களில் அத்தைக்கு வேறு வேலை. வாயுவை வயிற்றில் சேர்த்து வைத்துக்கொண்டு, தேவைப்பட்டவருக்கு ஊட்டுவாள். அந்தத் தொழிலில் இப்படிப்பட்ட பலூனைச் செவிலி என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கு அத்தையிடமிருந்து நீளமான துணிக்குழாய் ஒன்று புல்லில் ஊர்ந்து போய், கொட்டகைக்குள் கிடந்த பெர்த்ரிசேயின் ஆகாயக் கப்பலின் வயிற்றில் நுழைந்திருந்தது. இங்கே அழுத்த அழுத்த அங்கே கப்பல் நிமிர்ந்துகொண்டிருந்தது.

"உங்க அத்தை கஞ்சத்தனம் பண்றா மதாம்" என்று கொட்டகைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "வாலு பக்கம் இன்னும் தொளதொளன்னு இருக்கு."

"ஓசியில குடிக்கிறவருக்கு ருசி வேறயா குடைக்காரரே? வாயை மூடிட்டு குழாயைப் பிடிங்க."

ஒதிலோன் பெர்த்ரிசே பாரிஸில் குடைக்கடை வைத்திருந்தவர். இன்னும் வைத்திருக்கிறார், ஆனால் கடையைத் தங்கையும் தங்கை புருஷனும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். மனுஷன் குடைக்கு வாங்கிய பட்டுத்துணியையெல்லாம் சேர்த்துத் தைத்து, ஒரு மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய எஞ்சினைத் தொங்கவிட்டு, வெள்ளரிக்காய் வடிவத்தில் ஒரு கப்பல் செய்திருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் நீளமாக, லத்தீனில் இருந்தது. திடலில் எல்லோரும் அதைக் குடை என்றே கூப்பிட்டார்கள். முதலில் கோபித்துக்கொண்டார், பிறகு அவர் வாயிலும் அதுவே வர ஆரம்பித்துவிட்டது.

அந்தத் திடலில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் உட்கார்ந்து எழுதி வைத்ததல்ல, தானாக வந்தது. யார் முதலில் மேலே போகிறாரோ, திடலில் இருப்பதிலேயே நல்ல சாமான் அவருக்கு. நல்ல கயிறு யாருடையதாக இருந்தாலும் அவருக்கு. நங்கூரம், மணல் மூட்டை, வாயு, எல்லாம் அப்படித்தான். மிஞ்சியது அடுத்துப் போகிறவருக்கு. கேட்கவும் வேண்டாம், நன்றி சொல்லவும் வேண்டாம். சொன்னால் மற்றவர்கள் கேலி செய்வார்கள். இப்படிக் கொடுத்து வாங்கி, இப்போது எது யாருடையது என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாது. அத்தையின் தோளில் கறுப்பாக ஒரு பெரிய ஒட்டு இருக்கிறதே, அது பெர்த்ரிசே கடைக் குடைத்துணி. குடையின் கூடையைச் சுற்றிய கயிறு லியோந்தின் முடிந்தது.

வியாழக்கிழமை குடையின் வால்வு கோணிக்கொண்டுவிட்டது. மரத்தட்டு ஈரத்தில் வளைந்து மூட மறுத்தது. சனிக்கிழமை கப்பலைச் சோதிக்கச் சங்கத்துக் கமிட்டி வருகிறது. ஆகவே வழக்கப்படி அத்தையின் தலையிலிருந்த வால்வு குடைக்குப் போயிற்று. பித்தளையில் செய்த, ஊசி முனை அளவும் ஒழுகாத வால்வு. அத்தைக்கு இப்போதைக்குக் கோணல் வால்வை வைத்து மெழுகு பூசி அடைத்தார்கள்.

ஆனால் ஒரு விஷயம். உருண்டைப் பலூனுக்கு அடியில் வாய் திறந்தே இருக்கும், வாயு மிஞ்சினால் அதுவாக வெளியே போய்விடும். மேலே வால்வு இருப்பது கயிற்றை இழுத்துத் திறந்து இறங்குவதற்கு மட்டும்தான், ஆகவே அதன் ஸ்பிரிங் மெத்தென்று இருந்தால் போதும். கப்பல் அப்படியல்ல. அது எல்லாப் பக்கமும் மூடியது, வயிறு எப்போதும் விறைப்பாக இருந்தால்தான் அதற்கு உருவமே. மெத்தென்ற ஸ்பிரிங்கைப் போட்டால் கொஞ்சம் மேலே ஏறியதும் வால்வு தானாகத் திறந்து வாயு போய்க்கொண்டே இருக்கும், கீழே இறங்கும்போது கப்பல் நடுவில் மடியும். மடிந்தால் கூடையில் இருக்கிறவர் கதை முடிந்தது. இது அந்தத் திடலில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அன்றைக்கே லியோந்தினும் பெர்த்ரிசேயும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பித்தளை வால்வைக் கழற்றினார்கள். அதில் மாற்றிப் போட, குடையின் பழைய வால்விலிருந்து முரட்டு ஸ்பிரிங்கை எடுத்து லியோந்தின் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வாசலில் அமில வண்டி கவிழ்ந்தது.

வாயு தயாரிக்கும் கந்தக அமிலம், வண்டி நிறைய ஜாடிகள். குதிரை மிரண்டு, சக்கரம் பள்ளத்தில் இறங்கி, ஜாடிகள் ஒன்றன் மேல் ஒன்றாக உடைந்தன. புல் புகைந்தது. எல்லோரும் எழுந்து ஓடினார்கள். குதிரையின் காலைக் கழுவி, வண்டிக்காரனின் காலைக் கழுவி, பள்ளத்தில் சுண்ணாம்பைக் கொட்டி முடிக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. புது வாயுவுக்கு வழியில்லை, அத்தையின் வயிற்றில் இருப்பதுதான் இருப்பு என்று ஆனதும் அதனால்தான். அந்த வயிற்றை நம்பித்தான் லியோந்தினும் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெந்தெகொஸ்தே சந்தை, வருஷத்திலேயே பெரிய சந்தை. அங்கே ஏறினால்தான் கோடைக்காலம் முழுக்கக் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை அவர் பறந்துவிட்டு வந்ததும் மிச்ச வாயுவும் வால்வும் அத்தைக்குத் திரும்ப வரும் என்ற தைரியத்தில்தான் அவள் குழாயை மாட்டச் சம்மதித்தாள். சம்மதம் என்ன சம்மதம், வழக்கம்.

கமிட்டி பத்து மணி வாக்கில் மோட்டார் வண்டியில் வந்து இறங்கியது. திடலும் கொட்டகையும் ஆகாய சங்கத்துக்குச் சொந்தம். சங்கத்துக்கு இப்போது பணமுடை. திடலைச் சைக்கிள் பந்தயத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு கட்சி, கூடாது என்று இன்னொரு கட்சி. தலைவர் முசியே ஷாலாந்தார் நல்ல மனுஷர்தான். இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு சோதனை வைத்தார். குடை இங்கிருந்து கிளம்பி, நதியைத் தாண்டி, எதிர்க்கரைக் குன்றில் இருக்கும் புனித மக்லூ தேவாலயக் கோபுரத்தைச் சுற்றி, திடலுக்குத் திரும்பி வர வேண்டும். நடுவில் தரையைத் தொடக் கூடாது, தரையில் இருக்கிறவர் கை எதுவும் கப்பல் மேல் படக் கூடாது. வந்தால் கொட்டகை நிலைக்கும். வராவிட்டால் சைக்கிள்.

ஷாலாந்தார் வாசலில் நின்று தன் சுருட்டையும் தீப்பெட்டியையும் தகர டப்பாவில் போட்டார். வாயு ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும் என்பதால், யாராக இருந்தாலும் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். "மதாம் பார்பசான், நீங்க என்ன நினைக்கிறீங்க? வருவாரா?" என்று கேட்டார்.

"மழை வந்தா கண்டிப்பா திரும்பி வருவார். குடையாச்சே" என்றாள் லியோந்தின். சிரித்தார்கள். பெர்த்ரிசே மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழுத்துப்பட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார், முடிச்சு விழ மறுத்தது. அவள் கிட்டே போய் முடிச்சைப் போட்டுவிட்டாள். "போறது தெரியும், வர்றது தெரியும். நடுவுல எங்கயும் வேடிக்கை பாக்காதீங்க" என்று மெல்லச் சொன்னாள்.

கயிற்றை எல்லோரும் பிடித்தார்கள். அவர் எஞ்சினைக் கிளப்பினார். திடல் அதிர்ந்தது. "எல்லாரும் விடுங்க!" என்று அவர் கத்தியதும் எல்லா விரல்களும் ஒரே சமயத்தில் திறந்தன. குடை எழும்பியது. சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் எழும்பியது. வெயில் பட்டு மஞ்சளாக, மூக்கை லேசாகத் தூக்கிக்கொண்டு, காற்றைக் கேட்காமல் தன் இஷ்டத்துக்குத் திரும்பியது. லியோந்தின் கண்ணுக்கு மேலே கையை வைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷமாக மேலே போய் வந்தவள் அவள், ஒரு தடவைகூட நினைத்த பக்கம் போனதில்லை. காற்று எங்கே கொண்டு போய்த் தள்ளுகிறதோ அங்கே இறங்கி, மாட்டு வண்டி பிடித்து வீட்டுக்கு வருவதுதான் அவள் அறிந்த பறத்தல். இனிமேல் இதைப் பார்த்த சனங்கள் அத்தையை எதற்கு அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்? பொறாமைதான். அவள் அதற்கு வேறு பெயர் வைக்க முயலவில்லை.

நின்று பார்த்துக்கொண்டிருந்தால் ஆகாது, நாளைக்குச் சந்தை. அத்தையின் இடுப்பில் இரண்டு இடத்தில் தையல் விட்டிருந்தது. அவள் கொட்டகைக்குள் போய், ஆணியில் தொங்கிய வார்னிஷ் ஏப்ரனை எடுத்துக் கட்டினாள். வியாழக்கிழமைக்குப் பிறகு அதை அவள் தொடவில்லை. பிரஷ்ஷுக்காகப் பையில் கையை விட்டாள்.

விரலில் தட்டுப்பட்டது ஸ்பிரிங்.

முரட்டு ஸ்பிரிங். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள், கொஞ்சமும் அசைந்து கொடுக்கவில்லை. வண்டி கவிழ்ந்த சத்தத்தில் எழுந்து ஓடும்போது பையில் போட்டிருக்கிறாள். திரும்பி வந்து பார்க்கும்போது வால்வு முடுக்கி வைக்கப்பட்டிருந்தது. அவர் முரட்டு ஸ்பிரிங்கைப் போட்டு முடுக்கிவிட்டார் என்று அவள் நினைத்தாள். உள்ளே இருந்த ஸ்பிரிங் அவள் மாற்றிப் போட்டது என்று நினைத்து அவர் முடுக்கியிருக்கிறார். எதிரில் இருப்பவர் எந்த வேலையையும் அரைகுறையாக விடமாட்டார் என்று இரண்டு பேருக்கும் அத்தனை நம்பிக்கை. வேற்றாளாக இருந்தால் இருவருமே திறந்து பார்த்திருப்பார்கள்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கால் ஓடியது. திடலைத் தாண்டி, கரையோர நெட்டை மர வரிசையைத் தாண்டி, நதிக்கு ஓடினாள். பின்னாலேயே கூதேர், "மதாம், என்னாச்சு? மதாம்!" என்று கத்திக்கொண்டே வந்தான். கரையில் சலவைப் படகு கட்டியிருந்தது. பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, ஊர்த் துணியெல்லாம் அங்கேதான். வரிசையாக முழங்காலிட்டிருந்த பெண்கள் துணியை அடிப்பதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குடை கோபுரத்தைச் சுற்றிவிட்டது. அங்கே திடலில் கமிட்டிக்காரர்கள் கை தட்டும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. கப்பல் குன்றிலிருந்து சரிந்து, நதியை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்தது. லியோந்தின் ஏப்ரனை அவிழ்த்துத் தலைக்கு மேல் ஆட்டினாள். "மேல போகாதீங்க! தண்ணியிலயே இறக்குங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். எஞ்சின் சத்தத்தில் என்ன கேட்கும்? பெர்த்ரிசே கூடையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. தன்னை வாழ்த்தத்தான் ஓடி வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பதிலுக்குக் கையை ஆட்டினார்.

அப்போது அவள் கப்பலின் அடிவயிற்றைப் பார்த்தாள். நடுவில் குறுக்கே ஒரு சுருக்கம். மெல்லிசாக, உட்கார்ந்து எழுந்தால் சட்டையில் விழுமே, அவ்வளவுதான். தெரியாதவர்கள் கண்ணில் படாது. அவர் கண்ணிலும் படவில்லை, அவர் தலைக்கு மேலே அல்லவா இருக்கிறது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கப்பல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்பதுதான். அதற்கு மருந்தாக, வயிற்றை விறைக்க வைக்கவென்று கப்பலுக்குள் தனியாக இருக்கும் காற்றுப்பைக்குள் காற்றை அடித்துக்கொண்டிருந்தார். அவர் காற்றை அடிக்க அடிக்க, மெத்தென்ற ஸ்பிரிங் திறந்து வாயுவை வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

இன்னும் நதியின் பாதி, பிறகு நெட்டை மர வரிசை, அதற்குப் பின்னால் திடல். மரத்தைத் தாண்ட அவர் மிச்ச மணலையெல்லாம் கொட்டி ஒரே எழும்பாக எழும்புவார். அந்த உயரத்தில் அந்தச் சுருக்கம் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தாண்டியும் விடலாம். நல்ல நேரம் இருந்தால், காற்று கொஞ்சம் தள்ளிவிட்டால், அந்தப் பக்கம் போய்த் திடலில் தொப்பென்று உட்கார்ந்தும் விடலாம். அப்படி நடந்து பிழைத்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். நடக்காதவர்களையும் பார்த்திருக்கிறாள்.

குடையின் தொங்கு கயிறு தண்ணீரில் கோடு போட்டுக்கொண்டு வந்தது. சலவைப் படகை ஒட்டியே வந்தது.

"தொடாதீங்க மதாம்!" கூதேருக்கு அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. "தொட்டா எல்லாம் போச்சு! கொட்டகை போச்சு! இதோ வந்துட்டாரு, இன்னும் ஒரு நிமிஷம்!"

அவள் படகில் குதித்தாள். கயிறு ஈரமாகக் கைக்குள் வந்தது, வழுக்கியது, உள்ளங்கையைத் தீயாய் உரித்துக்கொண்டு ஓடியது. அவள் விடவில்லை. அவளை முட்டிபோட்டபடியே படகின் விளிம்பு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

"பிலோமின்! பிடிங்கடி! எல்லாரும் பிடிங்க!"

பிலோமின்தான் அந்தப் படகின் ராணி. கை ஒவ்வொன்றும் துடுப்பு மாதிரி இருக்கும். எதற்கு, என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஈரப் போர்வையை எறிந்துவிட்டு வந்து கயிற்றைப் பிடித்தாள். பின்னால் மற்ற பெண்களும் பிடித்தார்கள். நாளெல்லாம் போர்வை பிழிகிற கைகள், குடை நடு ஆற்றில் வெடுக்கென்று நின்றது.

"அடுப்பு! அடுப்பை அணைங்க, வாயு வருது!" என்று லியோந்தின் அலறினாள். படகின் நடுவில் வெந்நீர்க் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. பிலோமின் ஒற்றைக் கையால் கொப்பரையையே கவிழ்த்தாள். வெள்ளாவித் தண்ணீர் முழுவதும் நெருப்பில் கொட்டி, படகு முழுக்க ஆவி.

ஆவி விலகியபோது குடை நடுவில் மடிந்திருந்தது. மூக்கும் வாலும் மேலே, இடுப்பு கீழே. மெதுவாக, மரியாதையாக இறங்கி, கூடையைத் தண்ணீரில் வைத்தது. எஞ்சின் புஸ் என்று அணைந்தது. பெர்த்ரிசே கூடைக்குள் மார்பளவு தண்ணீரில் நின்றார். தலையில் தொப்பி அப்படியே இருந்தது, அவள் போட்ட முடிச்சு.

"யாரு?" என்றார். "யாரு பிடிச்சது?" பிறகு பார்த்தார். "நீங்களா?"

அவள் கயிற்றை விடாமல் நின்றாள்.

"இன்னும் ஒரே ஒரு மர வரிசை. ஒண்ணே ஒண்ணு! கோபுரத்தைச் சுத்திட்டேன், பாத்தீங்கல்ல? எல்லாம் முடிஞ்சுது, எல்லாம் முடிஞ்சு வர்றப்ப..." அவர் ஈரக் கூடையின் விளிம்பை ஓங்கி அடித்தார். "உங்களுக்குப் பொறுக்கல. அதானே? நான் போய்ட்டு வந்துட்டா உங்க உருண்டையை எவனும் பாக்க மாட்டான். பொறாமை! வாயைத் திறந்து கேட்டிருந்தா நானே இறங்கியிருப்பேனே!"

பெண்கள் எல்லோரும் லியோந்தினைப் பார்த்தார்கள். அவளுடைய இடது முஷ்டிக்குள் ஸ்பிரிங் இருந்தது. ஏப்ரனை அவிழ்த்தபோது கையில் எடுத்தது, கயிற்றோடு சேர்த்தே பிடித்திருக்கிறாள், சதையில் பதிந்திருந்தது. கையை விரித்தால் போதும். ஆனால் அதற்குள் மரங்களுக்கிடையில் ஷாலாந்தாரும் கமிட்டியும் மூச்சிரைக்க வந்துவிட்டார்கள். பின்னால் கையில் பென்சிலோடு ஒரு பத்திரிகைக்காரர்.

ஷாலாந்தார் ஆற்றைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மதாம், நீங்களா? விதி உங்களுக்குத் தெரியுமே. ஏன் பிடிச்சீங்க?"

உண்மையைச் சொல்லலாம். வால்வுக்குள் தப்பான ஸ்பிரிங்கை வைத்து, பார்க்காமலே ஒரு மனுஷனை மேலே அனுப்பினோம் என்று சொல்லலாம். சொன்னால் கொட்டகை ஒருபுறம் இருக்கட்டும், சாமான்களை இப்படி மாற்றி மாற்றிப் பூட்டிக்கொள்கிற இந்தக் கும்பலை இனி எந்தச் சங்கமும் எந்தத் திடலிலும் கால் வைக்க விடாது. பெர்த்ரிசேயின் பெயரும் கெடும். இவர் பெயர் இன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு கோபுரத்தைச் சுற்றி வந்திருக்கிறது.

"பயந்துட்டேன்" என்றாள்.

"என்னது?"

"பயந்துட்டேன் முசியே. மரத்துல மோதிடுவாரோன்னு பயமா போச்சு. பொம்பளைதானே."

பத்திரிகைக்காரர் அதை எழுதிக்கொண்டார். பயமே தெரியாத பொம்பளை என்று சுவரொட்டி போடுகிறவர்கள் நாளைக்குக் காலையில் காபியோடு அதைப் படிப்பார்கள். அவள் நிமிர்ந்து நின்று, பென்சில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாலாந்தார் பெருமூச்சு விட்டார். கை பட்டது பட்டதுதான், ஆனாலும் கோபுரத்தைச் சுற்றியதும் சுற்றியதுதான், பண்டிகை முடிந்து கமிட்டி கூடிப் பேசும் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷர்கள் சொல்வது அப்படித்தான் இருக்கும்.

தண்ணீரில் நின்ற பெர்த்ரிசே அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் லியோந்தின் அத்தையின் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது, பிரஷ்ஷைப் பிடிக்க முடியவில்லை. அத்தை பாதி வயிற்றோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தாள். சந்தைக்காரருக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட வேண்டியதுதான், வரவில்லை என்று. எப்படியும் காலையில் பத்திரிகை பார்த்துவிட்டு அவரே வேண்டாம் என்பார், நாம் முந்திக்கொள்வது மரியாதை. அழுகை வந்தது. யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதாள்.

குடையை ஆட்கள் இழுத்து வந்து திடலின் மறுகோடியில் கிடத்தியிருந்தார்கள். வால் பக்கம் இன்னும் வாயு நின்றது. அதனடியில் பெர்த்ரிசே குனிந்து எதையோ செய்துகொண்டிருந்ததை அவள் பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள். பிறகு அவர் நடந்து வந்தார். மாட்டியிருந்தது கூதேருடைய கால்சட்டை, கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"உங்களை எனக்கு ஏழெட்டு வருஷமா தெரியும்" என்றார். "நெருப்புப் பிடிச்ச கூடையிலேர்ந்து இறங்கி வந்து சூப் கேட்டவங்க நீங்க. பயந்துட்டேன்னு சொன்னீங்கல்ல, அப்பதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. போய் வால்வை அழுத்திப் பார்த்தேன். சுண்டு விரலுக்கே திறக்குது."

அவள் கட்டுப் போட்ட கையை நீட்டி, முடியாமல், பல்லால் துணியை இழுத்துத் தளர்த்தி, கட்டுக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்த ஸ்பிரிங்கை அவர் உள்ளங்கையில் போட்டாள்.

"நீங்க போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே. என்கிட்டயாவது..."

"தண்ணியில நின்னுட்டு நீங்க பேசின பேச்சுக்கு, இன்னொரு தடவை முக்கி எடுக்கலாமான்னு பாத்தேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "பொறாமைன்னு சொல்லிட்டேன்."

"சொன்னீங்க." அவள் புல்லைப் பார்த்தாள். "பொய்யில்ல. நீங்க மேல எழும்பறப்ப இருந்துச்சு. நெறைய இருந்துச்சு. கயிறைப் பிடிக்கறப்ப இருந்துச்சான்னு அப்பலேர்ந்து யோசிச்சுட்டே உட்கார்ந்திருக்கேன். சுருக்கத்தைப் பார்த்தேன், பிடிச்சேன். ஆனா ஒருவேளை நீங்க தாண்டியிருப்பீங்க குடைக்காரரே. அது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

அவர் ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நின்றார். அழுத்தினார், விட்டார், அழுத்தினார். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். கோபமா என்ன என்று அவளுக்குப் புரியவில்லை. கொட்டகைக்குள் சாமான்கள் உருளும் சத்தம். வெளியே வந்தபோது தோளில் துணிக்குழாய்.

"என்ன பண்றீங்க?"

"நாளைக்கு யாரு மேல போறது? நானா?" குழாயின் ஒரு முனையை அத்தையின் வாயில் வைத்துக் கட்ட ஆரம்பித்தார். "கூதேரு! ஆத்தங்கரைக்குப் போய் பிலோமினைக் கூட்டிட்டு வா. அந்தப் பொம்பளைங்க எல்லாரையும் வரச் சொல்லு. அழுத்தறதுக்கு ஆள் வேணும்."

"சந்தைக்காரர் வேணாம்னுடுவார். பேப்பர்ல வந்துடும்."

"வரட்டும். பயந்த பொம்பளை மேல போறான்னா கூட்டம் ரெண்டு மடங்கு வரும். நான் பக்கத்துல நின்னு கயிறு பிடிக்கிறேன், கேக்கிறவன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"என்னன்னு?"

அவர் குழாயை இழுத்துக்கொண்டு குடையிடம் போய், மறுமுனையை அதன் வயிற்றில் மாட்டினார். சலவைக்காரிகள் வரும் வரைக்கும் காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். குடையின் வால் பக்கம், இன்னும் விறைத்து நின்ற இடத்தில், இரண்டு கையையும் விரித்து, கன்னத்தைத் தன் பட்டின் மேல் வைத்துக் குப்புறப் படுத்தார். கோபுரத்தைச் சுற்றிவந்த கப்பல் அவருடைய உடம்புக்கடியில் மெல்ல மெல்லத் தரையோடு தாழ்ந்தது.

இந்தப் பக்கம் அத்தையின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விரிய ஆரம்பித்தன. லியோந்தின் எழுந்து நின்றாள். அத்தையின் தோள் அவள் தலைக்கு மேலே நிமிர்ந்து, அதிலிருந்த கறுப்புக் குடைத்துணி ஒட்டு நாலா பக்கமும் இழுபட்டு விறைத்துக்கொண்டிருந்தது.